எஃப் துளை இருந்தால் ஜாஸ் கிட்டார் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிட்டார் வாங்குவோருக்கான யோசனைகளை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பெரும்பகுதி சரிதான். 'ஜாஸ் வாசிக்கத் தடித்த உடம்புள்ள ஆர்ச்டாப்தான் வேண்டும், தின்லைன் எல்லாம் ராக் பிள்ளைகளுக்கு' என்ற ஒரு வரி மட்டும் இடிக்கிறது. ஆர்ச்டாப் என்பது மேற்பலகை வில்போல் வளைந்த கிட்டார், தின்லைன் என்பது அதன் ஒல்லி உடம்பு வகை. அதை நம்பி அல்சூரிலோ ஜீவன்பீமா நகரிலோ ஒரு கல்லூரி மாணவர் தவணையில் பெரிய ஆர்ச்டாப்பை வாங்கி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அதை வைக்க இடமில்லாமல் திண்டாடக் கூடாது.

தின்லைன் மலிவுப் பதிப்பாகப் பிறந்ததல்ல. கிப்சன் நிறுவனம் 1955-ல் பைர்ட்லேண்ட் மாடலைக் கொண்டுவந்தது. பில்லி பைர்ட், ஹாங்க் கார்லண்ட் என்ற இரண்டு நாஷ்வில் (அமெரிக்க இசை நகரம்) கிட்டார்க்காரர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அதே நிறுவனத்தின் தடித்த எல்-5 மின் கிட்டாரின் உடம்பு ஏறக்குறைய 86 மி.மீ. ஆழம் என்றால், பைர்ட்லேண்ட் 57 மி.மீ. தான். 1959-ல் வந்த இ.எஸ்-330 இன்னும் மெலிந்து 45 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. அந்த 330-ஐ வைத்துக்கொண்டுதான் ஜாஸ் கலைஞர் கிராண்ட் கிரீன் 1960-களின் தொடக்கத்தில் புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாசித்தார். அவரை யாரும் ராக்காரர் என்று சொன்னதில்லை. அதே உடம்பின், கிப்சனின் துணை நிறுவனமான எபிஃபோன் செய்த வடிவமான காசினோ 1961-ல் வந்தது. பீட்டில்ஸ் குழுவில் மூன்று பேர் அதைக் கையில் எடுத்தார்கள், ராக் முத்திரை ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் எஃப் துளை, அதாவது மேற்பலகையில் f எழுத்து வடிவத் துளை, போட்ட எதையும் 'ஹாலோ பாடி' (உள்ளே வெறுங்கூடு) என்று கொடுத்துவிடுகிறார்கள். 1958-ல் வந்த இ.எஸ்-335-ம் அதன் வழிவந்த ஏராளமான கிட்டார்களும் உள்ளே நடுவில் ஒரு மரக்கட்டையைக் கழுத்திலிருந்து வால் வரை வைத்திருப்பவை. அவை அரைக்கூடு. 330, காசினோ வகை முழுக்கூடு. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஐபனேஸ் நிறுவனத்தின் ஆர்ட்கோர் வரிசையில் ஏ.எஃப். என்று தொடங்கும் மாடல்கள் முழுக்கூடு, ஏ.எஸ். என்று தொடங்குபவை அரைக்கூடு. ஒரே எழுத்து மாறினால் வேறு வாத்தியம்.

சோதிக்க ஒரு செல்போன் போதும். டார்ச்சை ஒரு எஃப் துளையில் சாய்த்துப் பிடித்து, மறு துளை வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக இந்தப் பக்கம் வந்தால் முழுக்கூடு. நடுவில் சுவர் எழுப்பியது போல மறைத்தால் அரைக்கூடு. பிரிட்ஜுக்கு (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) நேர் கீழே மட்டும் சிறு கட்டை இருக்கும் மாடல்களும் உண்டு, அவற்றில் கட்டையின் இருபுறமும் வெளிச்சம் தெரியும். கையில் தூக்கினாலே பாதி தெரிந்துவிடும்: காசினோ மூன்று கிலோவுக்குள் அடங்கும், 335 வகை பெரும்பாலும் மூன்றரையைத் தாண்டும்.

முழுக்கூட்டில் கிடைப்பது என்ன? மேற்பலகை சுதந்திரமாக அசைகிறது. அதனால் ஸ்வரம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கும். ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் வாசிப்புக்கு இந்தச் சீக்கிரம் அடங்கும் குணம்தான் உயிர். கட்டை வைத்த கிட்டாரில் ஸ்வரம் நீளும், அது புளூஸுக்கு இனிமை. அந்த நீளத்தைத் தேடிப் போகிறவர்களும் ஜாஸில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஜான் ஸ்கோஃபீல்டு பல ஆண்டுகளாக வாசிப்பது அரைக்கூடு ஐபனேஸ்தான்.

இழப்பது என்ன? அடிவயிற்றிலிருந்து வரும் அந்த 'தொம்'. வீணையின் குடத்தைச் சுருக்கினால் நாதம் எப்படி ஒல்லியாகுமோ, அதேதான் இங்கும். உள்ளே காற்று குறைவு என்பதால் கூட்டின் அதிர்வெண் மேலே ஏறிவிடுகிறது, கீழ் ஸ்வரங்களுக்குக் கூடு கொடுக்கும் ஆதரவு குறைகிறது. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் வீட்டில் வாசித்தால் பயிற்சிக்குப் போதுமான சத்தம் வரும், பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழாது. பெங்களூர் அடுக்குமாடியில் இதை நான் ஆதாயக் கணக்கில்தான் எழுதுவேன்.

ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1949-ல் வந்த இ.எஸ்-175 மேப்பிள் ஒட்டுப்பலகையால் செய்ததுதான். ஜோ பாஸ், ஜிம் ஹால், பாட் மெத்தீனி மூவரும் வாசித்தது அதைத்தான். செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை கேட்க அழகு. ஆனால் மார்ச், ஏப்ரல் வறட்சியிலும் ஆடி மாத ஈரத்திலும் மாறி மாறி வீங்கிச் சுருங்கும். ஒட்டுப்பலகை அவ்வளவு ஆடாது.

இப்போது ஃபீட்பேக். ஆம்பிலிருந்து வரும் ஒலி மேற்பலகையை அசைக்கிறது, பலகை பிரிட்ஜையும் கம்பியையும் அசைக்கிறது, கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் அதைத் திரும்ப ஆம்புக்கு அனுப்புகிறது. சுற்று முடியாமல் ஊளை. தின்லைன் முழுக்கூட்டிலும் இது வரும். வராது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இந்திராநகர், கோரமங்கலா உணவகங்களில் மேடை என்பது பல நேரம் நான்கு மேஜைகளை நகர்த்திய இடம்தான். ஆம்ப் முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் நிற்கும். அங்கே ஆம்பைத் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, உங்கள் பக்கவாட்டில் வையுங்கள். எஃப் துளைகள் ஆம்பை நேராகப் பார்க்கக் கூடாது. பிறகு ஆறாம் கம்பியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக (கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டு) ஏறிக்கொண்டே போங்கள், ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று பூதமாக எழும். அது ஜி என்றால் 98 ஹெர்ட்ஸ், ஏ என்றால் 110, சி என்றால் 131. ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் 4 முதல் 6 டெசிபெல் இறக்கினால் போதும். பாஸ் குமிழியை மொத்தமாகத் திருகி இறக்கினால் ஊளை போகும், ஜாஸும் கூடவே போய்விடும். எஃப் துளைகளை நுரைப் பஞ்சால் அடைப்பதும் பலன் தரும். துளையின் வடிவத்துக்கு வெட்டிய, மெத்தைக்கடையில் கிடைக்கும் 25 மி.மீ. நுரையே போதும். டேப் மட்டும் ஒட்டாதீர்கள், பாலிஷ் உரியும்.

டிரம்ஸோடு சத்தமாக வாசிக்கும் குழுவில் இருப்பவர் இந்த வம்பே வேண்டாம் என்று அரைக்கூடு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஜாஸ் ஒலியில் பாதிக்கு மேல் தீர்மானிப்பது உடம்பு அல்ல, கம்பி. தொழிற்சாலையிலிருந்து தின்லைன்கள் பெரும்பாலும் 10 அளவு ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பியோடு வருகின்றன. அளவு என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்; செட்டின் பெயர் முதல் கம்பியின் அளவு. அதோடு வாசித்துப் பார்த்துவிட்டு 'ஜாஸ் வரவில்லை' என்பவர்கள் நிறைய. வேண்டியது 12 முதல் 52 வரையிலான ஃப்ளாட்வூண்ட், அதாவது தட்டையான நாடாக் கம்பி சுற்றிய செட், மூன்றாம் கம்பியும் சுற்றியதாக இருப்பது. கை பழகும்வரை 11-50. ஃப்ளாட்வூண்டில் விரல் நகரும்போது 'கீச்' வராது. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இதில் ஜாருவை (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவது) எண்ணெய் தடவியது போல இழுக்கலாம். ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம், சுற்றிய மூன்றாம் கம்பி அரை ஸ்வரத்துக்கே அடம்பிடிக்கும். இரண்டும் வேண்டும் என்பவர் 11 செட்டில் சுற்றாத மூன்றாம் கம்பியோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

10-லிருந்து 12-க்கு மாற்றும்போது மூன்று இடங்களில் வினை வரும். முதலாவது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை. 24 அளவு சுற்றுக்கம்பி, 17 அளவுக்கு அறுத்த பள்ளத்தில் இறங்காது. மேலே தொங்கிக்கொண்டு நிற்கும், ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று குதிக்கும். நட் அரத்தால்தான் பள்ளத்தை அகலமாக்க வேண்டும், மணல்தாள் போட்டால் பள்ளம் உருண்டு கம்பி சிதார் போல இரையும். இரண்டாவது கழுத்து. இழுவை கூடியதால் முன்னோக்கி வளையும். முதல் ஃபிரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடம்போடு சேரும் ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். உரசிக்கொண்டு நுழைந்தால் சரி, அது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். தாராளமாக நுழைந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) கடிகாரத் திசையில் கால் சுற்று. கம்பியைத் தளர்த்திவிட்டுத் திருகி, மறுபடி ஏற்றி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஒரு சுற்றுத் திருகுகிறவர்களால்தான் பழுதுபார்ப்பவர்கள் பிழைக்கிறார்கள்.

மூன்றாவது பிரிட்ஜ், இதில்தான் அதிகம் தடுக்குகிறார்கள். மேற்பலகையில் பதிக்காத மிதக்கும் பிரிட்ஜ் கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது நகர்ந்துவிடும், ட்யூனர் சரி என்று காட்டும், கார்டு மட்டும் கசக்கும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏற்கெனவே நகர்ந்துவிட்டால் அளந்து வையுங்கள்: 628 மி.மீ. ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் 314 மி.மீ., அங்கிருந்து பிரிட்ஜும் அதே தூரத்துக்குச் சற்று அதிகமாக. பிறகு 12-ஆவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிப் பேசினால் பிரிட்ஜை வால் பக்கம், இறங்கிப் பேசினால் கழுத்துப் பக்கம். முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் பொருந்திவிட்டு மூன்றாவது மட்டும் ஏறி நின்றால், சுற்றிய மூன்றாம் கம்பிக்காகச் செதுக்கிய மர சேடிலில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் முனை) சுற்றாத கம்பி போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரிட்ஜை எவ்வளவு தள்ளினாலும் அது சரியாகாது.

ஊஞ்சல் போலத் தொங்கும் ட்ரபீஸ் வால் உள்ள கிட்டார்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் நீளும் கம்பித் துண்டுகள் தாமாகவே ஒலிக்கும். தம்புராவில் நூல் வைத்து வரவழைக்கும் ஜீவா வேறு, இது வேண்டாத விருந்தாளி. 10 மி.மீ. அகலக் கம்பளித் துணியை அந்த ஆறு கம்பிகளுக்கிடையே கூடை முடைவது போல மேலும் கீழுமாக நுழைத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

பிக்கப் பற்றி. பி-90 என்ற வகை ஒற்றைச் சுருள் ஆனதால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறி ரெகுலேட்டர், எல்.இ.டி. டிம்மர், எர்த் இல்லாத பிளக் மூன்றும் ஒரே அறையில் இருந்தால் தேனீக்கூடுதான். இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கரில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பி-90-ன் நடுப்பகுதிக் கனிவு சற்று மங்கும். எனக்குப் பிடித்தது பி-90. கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, கழுத்துப் பிக்கப்புக்கும் கம்பிக்கும் தடித்த பக்கம் 3 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. விடுங்கள். டோன் குமிழியை 3-க்கு இறக்கினால் ஜாஸ் வந்துவிடும் என்பது பாதி உண்மை. பல நேரம் மிஞ்சுவது மந்தம்தான். டோன் குமிழியோடு இணைந்த 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்குப் பதில் 0.015 போட்டால் குமிழியை இறக்கினாலும் தெளிவு மிஞ்சும். பெங்களூரின் மின்சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் டீக்காசுக்குள் கிடைக்கிற சாமான்.

மாட்டுவதுதான் பாடு. முழுக்கூட்டில் பின்மூடி கிடையாது, எல்லாம் எஃப் துளை வழியாகப் போய்வர வேண்டும். மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாயில் நான்கு துண்டு வெட்டி, குமிழிகளைக் கழற்றியதும் ஒவ்வொரு பாட்டின் (குமிழிக்கு அடியில் உள்ள மின்பாகம், 'பாட்') தண்டிலும் இறுக்கமாகச் செருகுங்கள். பாட்டைப் பிடித்திருக்கும் திருகு நட்டைக் கழற்றி அதை உள்ளே விட்டால் குழாயின் மறுமுனை வெளியே நிற்கும். வேலை முடிந்ததும் குழாயை இழுத்தால் பாட் தன் துளைக்கே வந்து சேரும். குமிழியோ ஜாக்கோ தளர்ந்து சுற்றினால் அன்றைக்கே நட்டை இறுக்குங்கள். சுற்ற விட்டால் உள்ளே ஒயர் முறுக்கி அறும், ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகும்.

உயர்ந்த ஃபிரெட்டுகளில் அதிகம் வாசிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 330, காசினோ வகைகளில் கழுத்து 16-ஆவது ஃபிரெட் அருகிலேயே உடம்போடு சேர்ந்துவிடுகிறது, 335-ல் 19 வரை கை தாராளமாகப் போகும். கழுத்துப் பிக்கப்பில் கார்டும் மெலடியும் வாசிப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது.

பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் பிரிட்ஜின் உயரத் திருகுகளைப் பாருங்கள். பிரிட்ஜ் அடியோடு இறங்கியிருந்தும் 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாம் கம்பி இரண்டரை மி.மீ.க்கு மேல் நின்றால் கழுத்தின் கோணம் போய்விட்டது. பசை இளக்கிக் கழுத்தை மறுபடி பொருத்தும் செலவு சில கிட்டார்களின் விலையையே எட்டும். அதற்கு எதிராக, பிரிட்ஜை உச்சிவரை தூக்கி வைத்திருந்தால் டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள். பிரிட்ஜ் பாதத்தைச் சுற்றி நிழல் கிண்ணம் போல விழுந்தால் மேற்பலகை அமுங்கியிருக்கிறது. அப்படிப்பட்டதை 12 கம்பி போட நினைப்பவர் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு-8