திரையில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஐயா,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை முடித்துவிட்டு உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சித்திரம் இல்லை, அல்லது பாடம் இருந்தும் கற்பிக்க ஆசிரியர் இல்லை. அப்படியானால் இணையவழியில் படித்துப் பரீட்சைக்குத் தோற்றலாமா என்பதே அக்கேள்வி. வலிகாமத்தில் நீண்டகாலம் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து சில மாணவருக்குக் கைப்பேசி வழியாகவும் கற்பித்து வருகிறேன். அந்த அனுபவத்தில், படிக்கலாம் என்றே பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் படிப்பின் மறுபாதியை இங்கே எங்கள் மண்ணில் அமைத்துக் கொடுக்காவிட்டால், பிள்ளைக்கு எவ்வளவு கெட்டித்தனம் இருந்தாலும் அது பாதிவழியில்தான் நிற்கும். அந்த மறுபாதியைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் கலை வரலாறு என்பது பாடநூலில் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்வதாகவே இருந்தது. இன்று நெடுந்தீவில் இருக்கும் ஒரு மாணவி, சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து முற்றத்தில் உட்கார்ந்தாலே போதும், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் றெம்பிராண்ட் வரைந்த 'இராக் காவல்' ஓவியத்தைத் திறந்து அதில் ஒரு வீரனின் கழுத்துப்பட்டியில் தூரிகை எந்தப் பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று பார்க்க முடியும். அந்த ஓவியம் 1642 இல் வரையப்பட்டது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658 இல். அதே ஒல்லாந்தரின் அருங்காட்சியகம் 2022 இல் அவ்வோவியத்தை 71,700 கோடி படப்புள்ளிகள் கொண்ட படமாக்கி எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் பதிப்புரிமை காலாவதியான தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. இதற்காக நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். பிக்காசோ வரைந்த பெரிய குவெர்னிக்கா ஓவியமும் சிறிய மோனா லிசாவும் கைப்பேசியில் ஒரே அளவாகத் தெரிவது ஒரு குறைதான். ஆனால் குவெர்னிக்கா ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரம், ஏழே முக்கால் மீற்றர் அகலம் என்று சொல்லி வகுப்பறைச் சுவரில் சோக்கால் ஒரு கோடு கீறிக் காட்டினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். அது தீர்க்கக்கூடிய குறை.

தீர்க்க முடியாத குறை வரைதலில்தான் இருக்கிறது. ஓர் உதாரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பரீட்சையின் செயன்முறைப் பகுதியில், முன்னே வைக்கப்பட்ட பொருள்களைப் பார்த்து வரைவது முக்கியமான பகுதி. மேசையில் ஒரு செம்பு, ஒரு துணி, இரண்டு மாம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பின் வாய் வட்டமானது. இருந்து பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்கு அது நீள்வட்டமாகத் தெரியும். செம்பின் அடி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவை விடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் செம்பு தட்டையான மேசையில்தானே இருக்கிறது என்ற நினைப்பில் அடியை நேர்கோடாகக் கீறிவிடுவது அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் விடும் பிழை. வகுப்பறையில் என்றால் நான் பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் போய், அதன் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அது பார்ப்பதையே நானும் பார்த்து, பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து காட்டுவேன். இணையவழியில் எனக்கு வருவது வட்ஸ்அப்பில் ஒரு படம். தாளைக் கட்டிலில் போட்டு, கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் அது. தாளின் மேற்பக்கம் குறுகிக் கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். செம்பின் வாய் சப்பையாகத் தெரிந்தால், பிள்ளை பிழையாகக் கீறியதா, கமரா சாய்ந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. பொருள்களையும் படமெடுத்து அனுப்பு என்று கேட்டால், அது எடுக்கப்பட்ட உயரம் பிள்ளை இருந்து பார்த்த உயரமாக இருக்காது.

நிழல் தீட்டலிலும் இதே தொல்லைதான். இன்றைய கைப்பேசிகள் இருட்டான இடங்களைத் தாமாகவே வெளிச்சமாக்கிவிடுகின்றன. நான்கு பி பென்சிலால் பொறுமையாக அடுக்கடுக்காக ஏற்றிய நிழல் எனக்கு வந்து சேரும்போது ஒரே சாம்பலாக இருக்கும். நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரையின் நிறம் ஒளியால் ஆனது, வர்ணத்தின் நிறம் ஒளியை உறிஞ்சி எஞ்சியதால் ஆனது. வரைதல் செயலி ஒன்றில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து சாம்பல் நிறம் வந்ததைக் கண்ட ஒரு மாணவன், போஸ்டர் வர்ணத்தில் அதே இரண்டையும் கலந்து பச்சை வந்தபோது வர்ணப் பெட்டி பழுது என்று நினைத்தான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

யூரியூப்பில் வரும் வரைதல் காணொளிகளில் பல, இரண்டு மூன்று மணித்தியால வேலையை ஒரு நிமிடத்துக்குள் ஓடவிடுகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தன் கை மந்தம் என்ற தாழ்வு மனப்பான்மை வந்துவிடுகிறது. ஒரு தாளோடு ஒரு மணித்தியாலம் இருப்பதே அதற்கு வேதனையாகிறது. இதற்கு இணையத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. சில தனியார் கல்வி நிலையங்களில் 'பொங்கல் விழா', 'சந்தைக் காட்சி' என்று ஆயத்த மாதிரிப் படங்களைக் கொடுத்து அப்படியே பாடமாக்க வைக்கிறார்கள். அந்தப் பழக்கம் திரை வருவதற்கு முன்பே இருந்தது. அப்படிப் பாடமாக்கியது சாதாரண தரத்தில் சித்தி பெற உதவலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் காண்பியக் கலை படிக்க விரும்பும் பிள்ளைக்கு, உயர்தரப் பெறுபேற்றில் கணிக்கப்படும் இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையும் இருக்கிறது. அங்கே கைப்பேசியும் இல்லை, மாதிரிப் படமும் இல்லை, வெறுந்தாளும் முன்னே ஒரு பொருளும்தான்.

இன்னொரு பெரிய குறையும் இருக்கிறது. அது இணையத்தின் குறையல்ல, எங்களுடையது. இராக் காவலின் வர்ணப் பூச்சிலுள்ள ஒவ்வொரு வெடிப்பையும் பார்க்க முடிகிற எங்கள் மாணவருக்கு யாழ்ப்பாணத்து ஓவியரின் படமொன்றை அந்தத் தெளிவில் பார்க்க வழியில்லை. ஒருகாலத்தில் இலங்கையில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த வின்சரின் பெயரில் எஸ்.ஆர். கனகசபை 1930களின் பிற்பகுதியில் இங்கே ஒரு கலைக் கழகம் தொடங்கினார் என்பதும், குருநகரில் பிறந்த அ. மாற்கு எத்தனையோ பேருக்குச் சித்திரம் கற்பித்தார் என்பதும் எங்கள் உயர்தர மாணவருக்குக் குறிப்பேட்டில் இரண்டு வரிகள். படங்களாக அவை அவர்களின் கண்ணுக்கு வருவதேயில்லை. 1995 இடப்பெயர்வோடு வீடுகளில் விட்டுச் சென்றவை போனவை போனவைதான். எஞ்சியவை தனியார் வீடுகளிலும் நிறுவனங்களிலும் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து இணையத்தில் வைக்க நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவரும் வேலையை ஓவியங்களுக்கும், கோயில் வாகனங்களுக்கும் தேர்ச் சிற்பங்களுக்கும் செய்யலாம். நல்ல கமராவும், ஒழுங்கான வெளிச்சமும், வீட்டுக்காரரிடம் மரியாதையாகக் கேட்கும் ஆளும் இருந்தால் தொடங்கிவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கும் மாணவர்களைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

ஆகவே நான் கேட்பது இதுதான். இம்மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. இணையவழியிலோ தனியாகவோ சித்திரம் படிக்கும் உயர்தர மாணவருக்காக வலயத்துக்கு ஓரிடத்தில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமையேனும் ஒரு வரைதல் கூடத்தைத் திறந்துவிட வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம். விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறை, ஒரு பக்கத்து யன்னல் வெளிச்சம், பத்துப் பன்னிரண்டு கதிரைகள், வீடுகளிலிருந்து கொண்டுவரக்கூடிய செம்பும் பானையும் துணியும் போதும். யாழ்ப்பாண வலயத்துக்குப் பொதுநூலகத்துக்கு அருகில், இப்போது திருவள்ளுவரின் பெயரைத் தாங்கி நிற்கும் கலாசார மையத்திலேயே ஓர் அறையை ஒதுக்கலாம். மழையில்லாத மாதங்களில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகலாம்: வடமராட்சியில் பருத்தித்துறைத் தெருமூடிமடம், நல்லூரில் மந்திரிமனை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் பலர் சம்பளம் கேட்காமல் வருவோம். போக்குவரத்துச் செலவையும் தேநீரையும் வலயம் பார்த்துக்கொண்டால் சரி. வாரத்தில் திரையில் பாடம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாளோடு நேரில் என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். சித்திரம் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்கும் பெற்றோரும் அன்றைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கலாம்.

தீவக வலயத்துக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அங்கே கூடத்தை வேலணையில் வைப்பதே வசதி; நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகள் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்தில் வந்துவிடலாம். நேரத்தை நிர்ணயிக்கும்போது யாழ்ப்பாண நகரத்து வசதியைப் பார்க்காமல், மாலையில் நெடுந்தீவுக்குத் திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்து நிர்ணயிக்குமாறு வலயக் கல்விப் பணிமனையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.