பேரணி போதும், பி.பி. பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 29 வந்தால் உலக இதய தினம் என்று கல்லூரி மாணவர்கள் பதாகை பிடித்து நடக்கும் படம் பத்திரிகைகளில் வந்துவிடும். பிள்ளைகள் மேல் குறையில்லை. ஆனால் பதாகையில் இருப்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

முகாம்களில் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல கொழுப்பு எது, கெட்ட கொழுப்பு எது, உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். "கையைக் குடு, பி.பி. பார்க்கலாம்" என்றால் மட்டும், "எனக்கெதுக்கு சிஸ்டர், எங்கப்பாவுக்குப் பாருங்க" என்று சிரித்தபடி நழுவிவிடுவார்கள். அந்த அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மாவுக்கு 65-க்குள்ளோ இதய நோய் வந்திருந்தால், பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல் என்று சொன்ன பிறகே சிலர் உட்காருவார்கள்.

மேடு ஏறி இறங்குகிற மலைக்காரனுக்கு மாரடைப்பு வராது என்றொரு நம்பிக்கை வேறு. கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறிய பாட்டிக்குச் சரி. பேரன் ஏறுவது பைக்கில். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பி.பி. கொஞ்சம் கூடும் என்பதுதான் உண்மை. அந்தக் குளிரையே சாக்காக வைத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டரை நோக்கி முதல் வருடப் பையன்களே கை நீட்டுகிறார்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. எங்கள் நீலகிரியின் மொறுமொறு பண்டமான வர்க்கியைக் குறை சொன்னால் ஊரே அடிக்க வரும் (புவிசார் குறியீடு வாங்கிய பண்டமாயிற்றே!). இருந்தாலும் மைதாவும் வனஸ்பதியுமான அதையே டீயில் நனைத்து, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது அடுக்காது.

பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என மூன்று மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரைகளை உடனே கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கும்போது, கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்தோ, நேராக மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்குக் கார் பிடித்தோ நேரத்தை வீணாக்காமல், பக்கத்து நிலையத்துக்கு ஓட வீட்டிலிருக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேரணியில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்பது சின்ன விஷயம். சேர்க்கையின்போது ஒரு தடவை, பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை எல்லா மாணவருக்கும் பி.பி. பார்த்து எழுதிவையுங்கள். மேடேறி வந்த மூச்சோடு பார்க்காதீர்கள். 5 நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். சிகரெட்டோ டீயோ குடித்து வந்தவர் என்றால் அரை மணி நேரம் போகட்டும். 140/90-ஐத் தாண்டினால் பயமுறுத்தாமல் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஒரு நாள் பழக்கினால் அவர்களே பார்த்துவிடுவார்கள். நூலக வாசலில் ஒரு மிஷின் போதும். மகளிர் விடுதிக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோத்தகிரி