பாதியில நிப்பாட்டின கணவாய் ஓடு

அன்புள்ள மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு சீனி கட்டுப்பாட்டில இரிக்கு, நீ மாத்தித் தந்த குளிசை ஒத்துக்கிட்டுது. கட்டையன் நாவலடியில புது வள்ளம் இறக்கிட்டான். மாஸ்டர் உன்னைக் கேட்டவர். அந்த மாங்காய்க் கதையை மனிசன் இன்னும் விடுறார் இல்ல. அடுத்த முறை வந்தா நீயே போய்ச் சொல்லிக்கொள், நான் வாய் திறக்க மாட்டன்.

சரி, விசயத்துக்கு வாறன். வாட்ஸ்அப்பில குரல் போட்டா வாட்டுக்குள்ள நிண்டு பாதி கேட்டுட்டு 'ம்ம்' எண்டு அனுப்புவாய். அதான் இரிந்து எழுதுறன். கணவாய் ஓட்டை எலும்பு நிரப்பியா மாத்துறமே, அதில எந்தக் கனிப்பொருள் இரிக்கு எண்டு பாகைக்குப் பாகை உச்சி போட்டுக் காட்டுற எக்ஸ்கதிர் வரைபடம் வந்திட்டு மச்சான்!

என்னோட வேலை செய்யுற பிள்ளை தாளைக் கொண்டு வந்து மேசையில வெச்சிட்டு முகம் வாடி நிக்கிறா. "சேர், முழுசா மாறல்ல, 27.2 பாகையில ஓட்டின்ட பழைய அரகோனைட் இன்னும் நிக்குது" எண்டா. 31.8 இல பார்த்தன், எலும்பின்ட கனிப்பொருளான ஹைட்ரொக்சிஅபடைட் நல்ல உயரமா நிக்குது. ரெண்டும் ஒண்டா நிக்குது! எனக்கு எழும்பிக் கை தட்டாத குறை. அவ 26.2 ஐ விட்டிட்டு 27.2 ஐப் பார்த்ததே எனக்குப் பெருமை. 26.2 இல நிக்கிறது அரகோனைட்டா எண்டு அடிச்சுச் சொல்லேலா, பக்கத்தில 25.9 இலயே ஹைட்ரொக்சிஅபடைட்டுக்கும் ஒரு உச்சி இரிக்கு. கெட்டிக்காரி.

போன முறை கல்லடிப் பாலத்தில நிண்டு நீ என்னோட சண்டை பிடிச்சாயே, "எலும்பில இரிக்கிறது ஹைட்ரொக்சிஅபடைட், அப்ப ஓட்டை முழுசா அதுவா மாத்து, பாதி வேலை என்னத்துக்கு" எண்டு. இந்தக் கடிதம் அதுக்கு மறுமொழி.

நீ கணவாயைப் பிரட்டலாத்தான் கண்டிருப்பாய், ஓட்டைக் கையில வெச்சுப் பார்த்திருக்க மாட்டாய். முதுகுப் பக்கம் ஒரு கெட்டியான தகடு. அதைப் பிளேட்டால சீவி எறிஞ்சா உள்ளுக்க வெள்ளை வெளேரெண்டு மெதுவான பகுதி வரும். நகத்தை வெச்சா தடம் விழும், விரலெல்லாம் மாவு. அதைச் சின்னச் சின்னக் கட்டியா அறுத்து வெளிச்சத்தில சரிச்சுப் பிடி. மெல்லிய தட்டுகள் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி இரிக்கும், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில வளைஞ்சு வளைஞ்சு போற சுவர்கள். தட்டிடைவெளி ஏறத்தாழ 200 மைக்ரோன் தொடக்கம் 600 வரைக்கும். மொத்தக் கனவளவில 90 வீதத்துக்குக் கிட்ட வெறும் இடம். கணவாய் தான் மிதக்கிறதையும் தாழுறதையும் சரிக்கட்டுறதுக்கு இதுக்குள்ள வாயுவையும் தண்ணியையும் கூட்டிக் குறைக்கும். அதோட ஆழத்து அமுக்கத்தையும் இந்த மெல்லிய சுவர்தான் தாங்குது. எலும்பு பிடிச்சு வளர இப்படி ஒரு சாரத்தை ஆய்வுகூடத்தில செய்யுறதெண்டா உறைய வெச்சு உலர்த்தி, உப்பைக் கரைச்சு, முப்பரிமாண அச்சுப் போட்டு... எவ்வளவு பாடு! இஞ்ச வாழைச்சேனைத் துறைமுகத்தில கணவாயை வெட்டிப்போட்டு ஓட்டை அள்ளி எறியுறாங்க.

துளையளவு உனக்குத் தெரிஞ்சதுதான். 100 மைக்ரோனுக்குக் கீழ போனா எலும்புக் கலம் உள்ளுக்குப் போறது கஷ்டம். 300 க்கு மேல இரிந்தா இரத்தக் குழாயும் சேர்ந்து வளரும். ஆனா அளவு மட்டும் காணாது மச்சான், துளைக்குத் துளை வழி இரிக்கோணும். வழியில்லாட்டி நடுவில போன கலம் ஒட்சிசன் இல்லாமச் செத்துப்போகும்.

இது புதுக் கதையும் இல்ல. 1974 இலயே ரோயும் லினெஹனும் பவளப்பாறையைப் பொசுபேற்றுக் கரைசலோட சூடும் அமுக்கமும் குடுத்து, துளை அமைப்புக் குலையாம ஹைட்ரொக்சிஅபடைட்டா மாத்திக் காட்டினாங்க. பவளத்தில இரிந்து வந்த எலும்பு நிரப்பிக்கு 1992 இல அமெரிக்காவில அனுமதியும் குடுத்தாச்சு. இத்தாலியில ஃபயென்சாவில ஒரு கூட்டம் பிரம்பை எரிச்சுக் கரியாக்கி, படிப்படியா மாத்தி, கடைசியில எலும்புக் கனிப்பொருளாக் கொண்டு வந்தது, 2009 இல வெளியிட்டாங்க. பிரம்பு, மச்சான்! அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரல்ல.

பவளத்தை நான் தொட மாட்டன். பாசிக்குடாவில கிடக்கிறதும் காணாமப் போயிடும், சட்டமும் விடாது, என்ட மனசும் விடாது. கணவாய் ஓடு அப்படியில்ல, சாப்பிட்டு எறியுற மிச்சம். அதுவும் அரகோனைட்தான், பவளம் மாதிரியே கல்சியம் காபனேற்று. கரிமப் பொருளைப் போக்கிக் கழுவின கட்டிகளை அமோனியம் பொசுபேற்றுக் கரைசலோட, டெஃப்லான் உள்ளறை வெச்ச உருக்குக் கலத்தில போட்டு இறுக்கி, 200 பாகை செல்சியசில வைக்கிற. காபனேற்று வெளியேறும், பொசுபேற்று உள்ள வரும், தட்டும் சுவரும் அப்படியே நிக்கும்.

இப்ப நம்மட சண்டைக்கு வா. முழுசா ஹைட்ரொக்சிஅபடைட் ஆக்கினா அது உடம்புக்குள்ள வருசக்கணக்கா அப்படியே கிடக்கும். அதைச் சுத்தித்தான் புது எலும்பு வளரும், அதுக்குரிய இடம் கிடைக்காது. எக்ஸ்ரேயில நீயே கண்டிருப்பாய், பழைய கட்டி வெள்ளையாத் தெரியுமே. மாத்தாம காபனேற்றாவே வெச்சா எலும்பு வந்து சேர முதல் கரைஞ்சு போயிடும். அதாலதான் வேளைக்கே உருக்குக் கலத்தை வெளிய எடுக்கச் சொன்னன். ஹைட்ரொக்சிஅபடைட் தோல், காபனேற்று உள்ளுடம்பு. தோல் மெதுவாப் போகும், அது போன இடத்தால உள்ளுடம்பு வேகமாப் போகும், எலும்பு பின்னால வரும். பவளத்திலயும் இந்த வழி பார்த்திருக்காங்க, அதனால நான் கனவு காணுறன் எண்டு சொல்லிடாத.

எக்ஸ்கதிர் ரெண்டும் இரிக்கு எண்டு மட்டும்தான் சொல்லும், எது வெளிய எது உள்ள எண்டு சொல்லாது. அதுக்காகக் குறுக்கா உடைச்ச துண்டொண்டை இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குப் பேராதனைக்கு அனுப்பியிரிக்கன். பொசுபரசு விளிம்பில கூடவும் நடுவில குறையவும் நிண்டா நான் சொன்னது சரி.

இனி சின்னக்காட மகன்ட கதை. கல்முனை ரோட்டில மோட்டார் சைக்கிளால விழுந்தவன், கணுக்காலுக்கு மேல எலும்பு துண்டாப் போய் இடைவெளி விழுந்தது. இடுப்பெலும்பில எடுத்து வெச்சுத்தான் நிரப்பினவங்க. கால் பொருந்திட்டு, நடக்கிறான். ஆனா போன கிழமை வந்தவன் நாற்காலியில ஒரு பக்கமாச் சரிஞ்சு இரிக்கிறான். "மாமா, கால் ஒண்டும் செய்யல்ல, எடுத்த இடம்தான் உளையுது" எண்டான். மேசன் வேலைக்குப் போற பிள்ளை, சீமெந்துப் பேக் தூக்கோணும். சொந்த எலும்பை விட நல்லது இல்லைதான், உயிருள்ள கலம் அதிலதான் இரிக்கு. ஆனா எல்லாத்துக்கும் அதையே வெட்டி எடுக்கோணுமா? கொழும்பில திசு வங்கி தானமா வந்த எலும்பைக் காமாக் கதிரால கிருமி நீக்கித் தருது, பெரிய காரியம். வெளிநாட்டுப் பெட்டியில வாற நிரப்பியை நம்மட சனம் வாங்கேலுமா? வாவிக்கு அங்கால படுவான்கரையில இரிந்து வாற நோயாளியிட்டப் போய் அந்த விலையைச் சொல்லிப் பார்.

என்ட பெரிய கவலை பலம். கடற்பஞ்சு மாதிரித் துளை உள்ள நம்மட உள்ளெலும்பு 2 தொடக்கம் 12 மெகாபஸ்கால் வரைக்கும் அமுக்கம் தாங்கும், வெளி எலும்பு 100 க்கு மேல. நம்மட கட்டியை ரெண்டு விரலுக்கு நடுவில வெச்சு அழுத்தினா பொடிஞ்சு போகுது. இறால் ஓட்டில இரிந்து கைற்றோசன் எடுத்து, நீர்த்த அசற்றிக் அமிலத்தில கரைச்சு, வெற்றிடத்தில கட்டிக்குள்ள உறிஞ்ச விட்டு உலர்த்திப் பார்க்கிறம். பூச்சுப் போட்டா உடைஞ்சாலும் சிதறாம நிக்குது. ஆனா பூச்சுக் கூடினா வழி அடைபடும், எதுக்காக இந்த ஓட்டை எடுத்தமோ அதுவே போயிடும். இந்த இழுபறியிலதான் இப்ப நிக்கிறம். தொடை எலும்பு, கால் எலும்பு மாதிரிப் பாரம் தாங்குற இடத்துக்கு இது தனிய ஆகாது, தகடும் திருகாணியும் வெச்சுப் பிடிச்சாத்தான். பல்லுப் பிடுங்கின குழி, நீர்க்கட்டி எடுத்த பள்ளம், முழங்காலுக்குக் கீழ எலும்பின்ட மேல்தட்டு அமிழ்ந்து போற முறிவு, இப்படியான இடம்தான் என்ட மனசில ஓடுது. சரியா எண்டு நீ சொல்லோணும்.

மற்றது, அவசரப்படாத. நல்ல செய்தியைக் கேட்டதும் "ஒரு ஆளுக்கு வெச்சுப் பாப்பமா" எண்டு நீ கேப்பாய், உன்னை எனக்குத் தெரியும். வைக்க விடமாட்டன். கடல் பொருள், கட்மியம், ஈயம், ஆசனிக் எல்லாம் அளக்கோணும். புரதம் மிஞ்சியிரிக்கா எண்டு பார்க்கோணும். எலும்புக் கலத்தை அதில வளர்த்துப் பார்த்து, மறுகா நெறிமுறைக் குழு அனுமதியோட முயலில. பேராதனை மிருக வைத்திய பீடத்தில ஆக்கள் உன்னோட பழக்கம்தானே, அந்தக் கதையைத் தொடக்கிறது உன்ட வேலை.

எனக்கு இப்ப வேணுமெண்டது மூண்டு விசயம். நீ வழமையா நிரப்புற பள்ளத்தின்ட நீள அகலம். கத்தியால நீ சீவினா உடையாம நிக்கோணுமா, இல்லாட்டி அளவுக்கு வெட்டித் தந்தாக் காணுமா. பேந்து, இரத்தம் பட்டதும் கட்டி நனையுற வேகம் உனக்கு முக்கியமா, ஏனெண்டா கைற்றோசன் பூச்சு அதை மாத்துது. கையால எழுதி அனுப்பு, வாட்டுக்குள்ள இரிந்து குரல் போடாத.

பிள்ளைகளுக்கு என்ட அன்பு. மச்சாளிட்டச் சொல்லு, தயிர்ச்சட்டி கட்டையன்ட பஸ்ஸில வருது.

அன்புடன்,
உன்ட மச்சான்,
வந்தாறுமூலையில இரிந்து