"கணினியுடன் முழுமையாக சிங்க் ஆகும்" என்று விற்கப்பட்ட ஆறு கைத்தொலைபேசிகள் தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே மொடலில் ஆறு கைத்தொலைபேசிகள் வாங்கினோம். பற்றுச்சீட்டின் பிரதியும் ஆறினதும் ஐஎம்இஐ இலக்கங்களும் இத்துடன் உள்ளன. அந்த இலக்கங்களை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவிலும் சரிபார்த்துவிட்டோம். ஆகவே பொருள் எந்த வழியால் வந்தது என்ற பேச்சு இங்கே இல்லை.

வாங்க முன்னரே மூன்று தேவைகளை எழுத்தில் கொடுத்திருந்தோம். விண்டோஸ் 11 கணினிகளில் உள்ள பழைய அவுட்லுக்குடன் (மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருளின் முந்தைய வடிவம்) தொடர்பு இலக்கங்களும் நாட்காட்டியும் இரு பக்கமும் ஒத்துப்போக (சிங்க் ஆக) வேண்டும். விநியோகச் சீட்டுகளின் படங்கள் கேபிள் வழியாகக் கணினிக்கு இறங்க வேண்டும். வரும் குறுஞ்செய்திகளைக் கணினித் திரையில் பார்க்க முடிய வேண்டும். விலைமனுவில் கிளை எழுதித் தந்த பதில் ஒரே வரி: "கணினியுடன் முழுமையாக சிங்க் ஆகும்." கோப்பு ஒரு வழியால் போகும், தொடர்பு இலக்கம் இன்னொரு வழியால் போகும், குறுஞ்செய்தி மூன்றாவது வழியால் போகும் என்பதை அறிந்தவர் எவரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

முதலில் கேபிள். பெட்டியோடு வந்த ஆறு கேபிளும் சார்ஜ் ஏற்றும்; கணினியில் செருகினால் ஒரு சத்தமும் வராது, ஒரு ட்ரைவும் தெரியாது. கிளையில் சொன்ன பரிகாரம் "டிரைவர் போடுங்கள்", அதாவது போனைக் கணினி அறிய உதவும் மென்பொருளை நிறுவுங்கள் என்பது. அடுத்த நாள் சொன்னது "ரீசெட் பண்ணுங்கள்". இரண்டும் தேவையற்றவை. அன்ட்ரொயிட் கோப்புப் பரிமாற்றத்துக்கு வேண்டிய எம்டிபி (போனும் கணினியும் கோப்புகளைப் பரிமாறும் முறை) டிரைவர் விண்டோஸுடனேயே வருகிறது. மீடியா வசதிகள் நீக்கப்பட்ட விண்டோஸின் 'என்' பதிப்பில் மட்டுந்தான் மீடியா ஃபீச்சர் பேக் தனியாக நிறுவ வேண்டும். எங்களுடையது புரோ பதிப்பு. அதே போனை வேறு ஒரு கேபிளில் செருகியதும் கணினி உடனே அடையாளம் கண்டது. உங்கள் கேபிளில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் மட்டும் உள்ளன, தரவு போகும் மற்ற இரண்டு இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்கத் தேவையில்லை: நல்ல கேபிளானால் செருகியவுடன் போனின் அறிவிப்புப் பட்டியில் யூஎஸ்பி பற்றிய வரி ஒன்று வரும், அதைத் தொட்டு 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தெரிவு செய்யலாம். கேபிளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் ரீசெட் செய்யச் சொல்வது, செருப்புக் கடித்ததற்குக் காலை வெட்டச் சொல்வது போல.

துண்டுப்பிரசுரத்தில் "அதிவேக டைப்-சி" என்றும் உள்ளது. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. இந்த மொடலின் உள்ளே இருப்பது யூஎஸ்பி 2.0, அதன் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது ஏறத்தாழ 30 முதல் 40 மெகாபைட். அதுவும் பெரிய கோப்பு ஒன்றுக்குத்தான். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் என்றால் இன்னும் குறையும், ஏனெனில் எம்டிபியில் போன் ஒரு பென்ட்ரைவ் போல நடப்பதில்லை. கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு, போன் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. இதில் எங்களுக்குப் புகார் இல்லை, எல்லா அன்ட்ரொயிட் போனுக்கும் உள்ள குணம் அது. சில நூறு படங்களாகப் பிரித்து இறக்குகிறோம். 'கட்' செய்யாமல் 'கொப்பி' செய்து, எண்ணிக்கை சரிபார்த்த பிறகே போனில் அழிக்கிறோம். "அதிவேக" என்ற சொல்லுக்குத்தான் புகார்.

அடுத்தது தொடர்பு இலக்கங்கள். எங்களுக்கு உண்மையான இழப்பு இதில்தான்.

கிளை ஊழியர் ஆறு போனிலும் ஜிமெயில் கணக்குப் போட்டு, அதே கணக்கை அவுட்லுக்கிலும் சேர்த்து "இனி தானாக வரும்" என்றார். பழைய அவுட்லுக்கில் ஜிமெயில் சேர்த்தால் வருவது மின்னஞ்சல் மட்டும். இலவசக் கணக்குகளுக்குத் தொடர்பையும் நாட்காட்டியையும் அந்த வழியால் கொண்டு வந்த கூகிள் சிங்க் வசதிக்குப் புதிய இணைப்புகளை 2013 ஜனவரியிலேயே கூகிள் நிறுத்திவிட்டது. புதிய அவுட்லுக் அவற்றை எடுத்துக்கொள்ளும் என்பது தெரியும். ஆனால் எங்கள் கணக்கு மென்பொருளின் இணைப்பு 'கொம்' எனும் பழைய செருகுநிரல் வகையைச் சேர்ந்தது, அந்த வகையைப் புதிய அவுட்லுக் ஏற்காது. அதனால்தான் எங்கள் கடிதத்தில் "பழைய அவுட்லுக்" என்று எழுதினோம். அந்தச் சொல்லை யாரும் வாசிக்கவில்லை.

பிறகு வந்த யோசனை: போனிலிருந்து விசிஎஃப் கோப்பாக (தொடர்பு விபரங்களைக் கொண்ட கோப்பு) ஏற்றுமதி செய்து அவுட்லுக்கில் இறக்குங்கள் என்பது. 412 பேர் உள்ள ஒரே கோப்பை இறக்கினால் அவுட்லுக் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் நின்றுவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு அதைவிட மோசம். இந்தப் போன் எழுதுவது அந்தக் கோப்பின் பழைய வடிவமான வீகார்ட் 2.1. அதில் தமிழ் எழுத்துகள் நேரடியாகப் போகாமல் பழைய மின்னஞ்சல் குறிமுறையில் போகின்றன. "யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் எழுத்து, புள்ளி, காலெல்லாம் எண்ணினால் யூனிகோட்டில் 11 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்தும்: மொத்தம் 99 எழுத்து. அந்தக் குறிமுறையில் ஒரு வரிக்கு 76தான் எல்லை. ஆகவே ஊரின் பெயரே இரண்டு வரியாக உடைகிறது. உடைந்த இடத்தைச் சரியாக ஒட்டத் தெரியாத மென்பொருள் மிச்சத்தை எறிந்துவிடுகிறது. சீஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) வழியும் பார்த்தோம். விண்டோஸில் தமிழுக்கென ஏஎன்எஸ்ஐ குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய அட்டவணை) இல்லாததால், இறக்குமதியின்போது பெயர்கள் வினாக்குறி வரிசைகளாயின.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் எக்செல் பட்டியலில் ஒரு பகுதி யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. அது உங்கள் பிழை அல்ல. யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டோம்.

ஆனால் இது உங்கள் பிழை: இடமாற்றம் "எளிதாக" இருக்கட்டும் என்று ஊழியர் இரண்டு போன்களின் தொடர்புகளை சிம்மில் பதிந்து கொடுத்தார். சிம்மில் உள்ளது எந்தக் கணக்கோடும் சிங்க் ஆகாது. அங்கே பெரும்பாலும் பெயரும் ஒரு இலக்கமும் தவிர வேறொன்றும் பதிவாவதில்லை. தமிழ்ப் பெயருக்கு ஒரு குறிக்கு இரண்டு பைட் போவதால் நீளப் பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். முகவரியும் இரண்டாவது இலக்கமும் அப்படியே போய்விட்டன. மூலப் பட்டியல் கைவசம் இருந்ததால் தப்பினோம்.

வேலை செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது: தொடர்புகளையும் நாட்காட்டியையும் மைக்ரோசொஃப்ட் கணக்கில் வைத்து, போனில் அவுட்லுக் செயலியை நிறுவி, அதன் கணக்கு அமைப்பில் தொடர்பு சிங்க்கை இயக்குவது. கணினியில் மாற்றினால் போனிலும், போனில் மாற்றினால் கணினியிலும் மாறும். அதைச் செய்தோம். இந்த மொடலில் திரை அணைந்து சிறிது நேரத்தில் பற்றரி சேமிப்பு அந்தச் செயலியைக் கொன்றுவிடுகிறது. பற்றரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைத்து, தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுத்தால் ஓடுகிறது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஆறில் நான்கில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது மென்பொருட் குறை. திருத்தம் எப்போது வரும் என்பதற்குக் கிளையிடம் பதில் இல்லை.

குறுஞ்செய்தி விடயம் சுருக்கமானது. துண்டுப்பிரசுரத்தில் போனின் முழுத் திரையும் கணினிக்குள் தெரிவதாகப் படம் உள்ளது. போனைக் கணினியோடு இணைக்கும் விண்டோஸ் செயலியான ஃபோன் லிங்கில் அந்த வசதி மைக்ரோசொஃப்ட் பட்டியலிட்ட சில மொடல்களுக்கு மட்டுமே உண்டு. பட்டியலில் இந்த மொடல் இல்லை. இதில் செய்தி, அறிவிப்பு, அண்மைய படங்கள், அழைப்பு மட்டுமே கிடைக்கும். அழைப்புக்குக் கணினியில் புளூடூத்தும் வேண்டும். செய்தி வருகிறது, அதை ஏற்கிறோம். இல்லாத வசதியைப் படம் போட்டுக் காட்டுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கும் பிழையாக வழிநடத்தும் செயல்.

ஆறு போன்களையும் திருப்பி எடுத்து முழுப் பணத்தையும் தாருங்கள். அல்லது அந்தப் பட்டியலில் உள்ள மொடல் ஒன்றைத் தாருங்கள். விலை கூடினால் நியாயமான வித்தியாசத்தைத் தர ஆயத்தமாக இருக்கிறோம். மாற்றுவதற்கு முன் எங்கள் ஆள் முன்னிலையில் கிளையிலேயே ஒரு சோதனை வேண்டும்: பெட்டியில் உள்ள கேபிளால் 200 படங்களை இறக்குவது, நீளமான தமிழ்ப் பெயரொன்றை அவுட்லுக்கில் பதிந்து போனில் பார்ப்பது, போனில் அதே பெயரைத் திருத்திக் கணினியில் பார்ப்பது, போனை அணைத்துப் போட்டு மீண்டும் அதையே செய்வது. கால் மணித்தியாலம் போதும். எந்த வாடிக்கையாளருக்கும் விற்க முன் இதைச் செய்தால் உங்களுக்கும் இப்படிக் கடிதங்கள் குறையும். தரவுக் கம்பி இல்லாத கேபிள்களை இனிமேல் பெட்டிக்குள் வைப்பதானால், "சார்ஜ் மட்டும்" என்று மூன்று மொழிகளிலும் பெட்டியில் அச்சிடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுக்க, பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதமே சட்டம் தரும் காலம். அதில் ஐந்து வாரங்களை உங்கள் கிளையின் "டிரைவர்" பேச்சிலேயே செலவழித்துவிட்டோம்.

இப்படிக்கு,
கொள்வனவுப் பிரிவு