மேம்பாலத்தில் அடைக்கலம் புகுந்த கார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டுச் சென்றதை வேடிக்கைச் செய்தியாகப் படித்து மறந்துவிட்டோம். (என்னுடைய காருக்கு அன்று அங்கே இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் குறுக்கே துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையைப் போட்டு, மழைநீர் தங்கவேண்டிய இடத்தைச் சுருக்கியது வாகனங்கள் விரைந்து செல்வதற்காகத்தான். அந்த வாகனங்களையே இப்போது வெள்ளத்துக்குப் பயந்து பாலத்தின் மேல் ஏற்றுகிறோம்.

கார் வாங்குவது தனிமனித விருப்பம் மட்டுமே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990களில் ஃபோர்டும் ஹூண்டாயும் இங்கு வந்தபோது நிலமும் வரிச் சலுகையும் தரப்பட்டன. அன்று முதல் கார் உற்பத்தியும் விற்பனையும் பெருகுவதையே வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளும் அரசுகள், விற்ற கார்கள் ஓடுவதற்கான சாலைகளையும் பொதுப் பணத்திலேயே அமைத்துத் தருகின்றன. தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டருக்கு ரூ.621 கோடி மதிப்பீட்டில் உயர்நிலைச் சாலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே அண்ணா சாலையின் அடியில் மெட்ரோ ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது! நடுவில், தரையில் செல்லும் மாநகரப் பேருந்துக்குத்தான் தனித்தடம் இல்லை. வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியிருந்தும் நிலைமை இதுதான்.

2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பாராட்டத்தக்கது. ஆனால் அதற்காகும் செலவை இலவசம் என்று குறைகூறுவோர், தெருவோரத்தில் வாடகையின்றிப் பொது இடத்தை அடைத்து நிற்கும் கார்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. மின்சாரக் கார்கள் வந்தால் புகை குறையலாம். அவற்றுக்கும் இதே அகலச் சாலையும் நிறுத்துமிடமும் வேண்டுமே.

கார்த் தொழிலைத் தொட்டால் வேலைவாய்ப்பு போய்விடும் என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எனினும் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் லேலண்டின் தாயகம் நம் எண்ணூர்தான். பேருந்து கட்டுவதும் இம்மாநிலத்தின் தொழில்தான்.

எனவே, அந்த உயர்நிலைச் சாலைக்குக் கீழே தரைத்தளத்தில் ஒரு தடத்தையேனும் பேருந்துக்கென்றே ஒதுக்குமாறு தமிழ்நாடு அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர் ஒருவர்