உன் குழலுக்கு உரிய அளவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இலக்குத் தாள்களின் படங்களை நேற்றிரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயே தோட்டா தயாரிக்கையில், உன் குறிப்பேட்டில் நான் எழுதிக் கொடுத்த அதே ஆழத்தில் கூட்டினுள் குண்டைப் பொருத்தியும் 600 கஜத்தில் துளைகள் சிதறியிருப்பதற்கு உன் கை காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த அளவு என் துப்பாக்கியுடையது. நம் இருவரின் துப்பாக்கிகளும் 6.5 கிரீட்மோர் என்ற ஒரே தோட்டா வகைக்கானவைதான் என்றாலும், தோட்டா அறையைத் தாண்டி, குண்டைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிகள் குழலினுள் தொடங்கும் இடம் குழலுக்குக் குழல் மாறும். இதை விளக்காமல் எண்ணை மட்டும் உன்னிடம் கொடுத்தது என் பிழை.

ஆகவே முதலில் உன் குழலில் அந்த இடத்தை அளந்துகொள். தோட்டாவின் முழு நீளத்தை நம்பாதே. ஒரே பெட்டியிலுள்ள போட்டிக் குண்டுகளின் முனைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, வரிகளைத் தொடுவதும் முனையன்று, குண்டு குவியத் தொடங்கும் வளைவுப் பகுதியே. அளவுகோலான காலிப்பரில், வளைவைப் பிடித்து அளக்க உதவும் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியைப் பொருத்தி, குண்டு வரிகளைத் தொடும் நிலையில் கூட்டின் அடியிலிருந்து அந்த வளைவு வரை அள. குண்டின் வகையை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும்.

அதன்பின் குண்டு தயாரிக்கும் பெர்கர் நிறுவனம் பரிந்துரைக்கும் சோதனையைச் செய்: வரிகளுக்கு 0.010, 0.050, 0.090, 0.130 அங்குலம் முன்னதாகக் குண்டு நிற்குமாறு, ஒவ்வோர் அளவிலும் ஆறு தோட்டாக்கள். வெடிமருந்தின் எடை உட்பட வேறு எதையும் இடையில் மாற்றாதே. அந்த எடையும் தோட்டா தயாரிப்புக் கையேட்டின் கீழ்வரம்பை ஒட்டியே இருக்கட்டும். ஏனெனில் குண்டு ஆழமாக இறங்கினால் கூட்டினுள் இடம் குறைந்து அழுத்தம் உயரும், மறுபுறம் அது வரிகளைத் தொட்டு நின்றாலும் அழுத்தம் உயரும். துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியிலிருந்து (மேகசின்) சுடுவதாயின், இந்தத் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச நீளமான 2.825 அங்குலத்தையும் மனத்தில் வை.

வரிகளில் அழுந்துமாறு பொருத்துவோர் உண்டு. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஒரு போட்டியில் தோட்டா அறையில் இருக்கும்போதே சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். தோட்டா அறையை மூடும் போல்ட்டை இழுத்தேன், கூடு மட்டும் வெளியே வந்தது, குண்டு குழலில் சிக்கிக்கொண்டது, மருந்து முழுவதும் போல்ட்டின் பாதையில் கொட்டியது. அன்றிலிருந்து 0.020 அங்குலத்துக்குக் குறைவாக நான் இடைவெளி விட்டதில்லை. உனக்கும் அதையே விரும்புகிறேன், சோதனையில் 0.010 நன்றாகத் தெரிந்தாலும்கூட.

தாள்களைப் பார்க்கும்போது மிகச் சிறிய ஒரு குழுவைக் கண்டு மயங்காதே. மூன்று துளைகள் தற்செயலாகவும் நெருங்கி விழும். பக்கத்து அளவுகளிலும் துளைகள் ஓரளவு நெருங்கியிருக்கும் பகுதியைத் தேடி, அதன் நடுவைத் தேர்ந்தெடு. சுடச்சுட வெப்பத்தால், வரிகள் தொடங்கும் தொண்டைப் பகுதி தேய்ந்து வரிகள் முன்னோக்கி நகரும். நீ பொருத்திய ஆழம் மாறாவிட்டாலும் இடைவெளி மெல்லக் கூடும். அகன்ற பகுதியின் நடுவில் இருந்தால் அந்தத் தேய்மானத்தை அது நெடுநாள் தாங்கும். நீண்ட கூர்முனை கொண்ட, காற்றுத்தடை மிகக் குறைந்த விஎல்டி குண்டுகள் இதில் மிகவும் நுணுக்கம் கேட்பவை. இருவகை வளைவுகளை இணைத்த ஹைப்ரிட் வகை சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

என் அளவில் நீ செய்து வைத்திருக்கும் மீதித் தோட்டாக்களை, உன் குழலை அளந்து முடிக்கும்வரை சுடாதே. குண்டு வரிகளைத் தொடுகிறது என்று தெரிந்தால், தயங்காமல் குண்டுகளைக் கழற்றி எடுத்துவிடு. அளந்த எண்ணை எனக்கு எழுது, 0.130 வரையிலான நான்கு அளவுகளையும் ஞாயிறன்று தொலைபேசியில் சேர்ந்தே கணக்கிடுவோம்.

அன்புடன்,
அப்பா