பெரியம்மாவோட சுகரும் ஆவாரம்பூவும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல 'சுகருக்கு முடிவு கட்டும் ஆவாரம்பூ'ன்னு அரைப்பக்கத்துக்கு ஒண்ணு போட்டிருந்தீங்க. அத பாத்துட்டு சேரன்மாதேவியில இருக்க எங்க பெரியம்மா, வயசு 72, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற வோக்லிபோஸ் மாத்திரைய நிப்பாட்டிட்டு பூவ அவிச்சு குடிக்க ஆரம்பிச்சிட்டாவ. கேட்டா "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு அந்த காலத்துலயே சொல்லி வச்சிருக்காவ, இப்ப பேப்பர்லயும் போட்டாச்சு, நீ என்னல பெருசா சொல்லுத"ன்னு என்கிட்டயே சண்ட. அஞ்சாவது நாள் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்தி பாத்தா 318. நான் ஹைதராபாத்ல ஒரு மருந்து கம்பெனி லேப்ல 14 வருசம் புது மருந்துக்கான வேதிப்பொருள், காம்பவுண்ட்னு சொல்லுவோம், அத செஞ்சு செஞ்சு கை தேஞ்சவன், இப்ப பாளையங்கோட்டைக்கே வந்துட்டேன், அதனால எழுதாம இருக்க முடியல.

நீங்க போட்டது பொய்யின்னு சொல்லல. ஆல்ஃபா குளுக்கோசிடேஸ்ங்கிற என்சைம ஆவாரம்பூ சாறு தடுத்துச்சுன்னு இருந்துச்சு, சரி, தடுத்திருக்கும். நாம திங்கிற சோறு குடல்ல கடைசியா குளுக்கோஸா உடையுறது அந்த மாதிரி என்சைமாலதான், அத கொஞ்சம் மந்தமாக்குனா சாப்பிட்ட உடனே சுகர் ஜிவ்வுன்னு ஏறாது. பெரியம்மா போடுற வோக்லிபோஸும் அதே வேலதான் பாக்குது. ஆனா சாறு தடுத்தது எங்க வச்சு? ஒரு பிளாஸ்டிக் தட்டுல வச்சு. உள்ளங்கை அகலம், அதுல 96 குழி, பெரிய லேப்னா 384 குழி, 1536 குழி கூட உண்டு, குழிக்கு குழி என்சைம் கொஞ்சம், என்சைம் உடைச்சா மஞ்சக் கலர் விடுற ஒரு பொருள் கொஞ்சம், நாம சோதிக்கிற சரக்கு ஒரு சொட்டு. மஞ்ச வரலைன்னா 'ஹிட்'டும்பாங்க. ஹிட் வந்த அன்னைக்கு எங்க லேப்ல யாரும் அல்வா வாங்கி குடுத்தது இல்ல, ஏன்னா அதுல ஏமாத்துக்காரன் நெறைய.

ஆவாரம் விசயத்துலயே பாருங்க. தோல் பதனிடுறவங்க அந்த காலத்துல எதத் தேடி அலைஞ்சாங்க? ஆவாரம்பட்டைய. அதுல இருக்க டானின் தோல்ல உள்ள புரோட்டீன கெட்டியா பிடிச்சுக்கும், அதான் தோல் அழுகாம நிக்குது. என்சைமும் ஒரு புரோட்டீன்தான? பட்டையில உள்ள அளவு இல்லைன்னாலும் பூவுலயும் அந்த ஜாதி சரக்கு உண்டு, அது எந்த என்சைம கண்டாலும் போய் ஒட்டும், சுகர் என்சைம்னு அதுக்கு தனி பாசம் எல்லாம் கெடையாது. இத கண்டுபிடிக்க வழி இருக்கு, சம்பந்தமே இல்லாத இன்னொரு என்சைம்லயும் போட்டு பாக்கணும், குழியில சோப்பு மாதிரி ஒரு டிடர்ஜென்ட் துளி விட்டும் பாக்கணும். நாங்க ஒரு தடவ மூணு வாரம் ஒரு ஹிட்ட தலையில தூக்கி வச்சிட்டு ஆடுனோம், வேற ஒரு பொண்ணு வந்து டிடர்ஜென்ட் விட்டுச்சு, மருந்து போன எடம் தெரியல. உருண்ட உருண்டையா திரண்டு என்சைம மூடிக்கிட்டு இருந்திருக்கு, டிடர்ஜென்ட் பட்டதும் கலைஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் 'அகார்போஸ் மருந்தை விட பல மடங்கு சக்தி'ன்னு ஒரு வரி. அகார்போஸும் வோக்லிபோஸ் ஜாதி சுகர் மாத்திரதான். இந்த மாதிரி சோதனைக்கு காலேஜ் லேப்ல சல்லிசா கெடைக்கிறது ஈஸ்ட்ல எடுத்த என்சைம், அகார்போஸ் மனுசக் குடல் என்சைம்ல நல்லா வேல செய்யும், ஈஸ்ட் என்சைம்ல மட்டமாத்தான் செய்யும். அப்படி ஒரு எடத்துல ஓட விட்டா யாரும் அத முந்திருவாங்க. எந்த என்சைம்னு உங்க நிருபர் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

ஹிட்டு நெசமாவே இருந்தாலும் அதுக்கு மேலதான் எங்க பொழப்பே ஆரம்பிக்கும். ஒரு காம்பவுண்ட் தட்டுல பிரமாதமா இருந்துச்சு, எலிக்கு குடுத்தா அரைமணி நேரத்துல ரத்தத்துல காணோம், லிவர் தின்னுட்டு, சரின்னு லிவர் கடிக்கிற எடத்துல ஒரு ஃபுளோரின வச்சு அடைச்சோம், கடிக்கிறது நின்னுச்சு ஆனா தண்ணியில கரைய மாட்டேன்னுட்டு, கரையுறதுக்கு ஒரு நைட்ரஜன் வளையத்த மாட்டுனா அது போய் இதயத் துடிப்புல கைய வைக்கி. ரெண்டரை வருசம், முன்னூறு காம்பவுண்டுக்கு மேல, கடைசியில ப்ராஜெக்ட்ட மூடிட்டாங்க. இது எங்க லேப்ல சாதாரணம், யாரும் அழக்கூட மாட்டாங்க.

பெரியம்மாவோட மாத்திர வந்த கதையும் கிட்டத்தட்ட இதான், என்ன அது தேறிருச்சு. ஜப்பான்ல தக்கேடா கம்பெனிக்காரங்க ஒரு நுண்ணுயிர் வளந்த குழம்புல வேலியோலமைன்னு ஒண்ண பிடிச்சாங்க, பாக்க சர்க்கரை மாதிரியே இருக்கும் ஆனா நைட்ரஜன் ஒண்ணு ஒட்டியிருக்கும், என்சைம் சர்க்கரைன்னு நெனச்சு கவ்வும், உடைக்க முடியாது. அந்த நைட்ரஜன்ல விதவிதமா துண்ட மாட்டிப் பாத்து அதுல தேறுனதுதான் வோக்லிபோஸ், ஜப்பான்ல கடைக்கு வந்தது 1994ல. ஒரு வேளைக்கு 0.2, 0.3 மில்லிகிராம்தான், கடுகுல ஒரு துணுக்கு.

நான் மூலிகைக்கு எதிரின்னு நெனச்சிராதீங்க. சுகர் மாத்திர மெட்ஃபார்மினுக்கே மூலம் ஐரோப்பாவுல வளர்ற ஒரு செடிதான், அதுல இருந்த கலிஜின்ங்கிற பொருள் சுகர குறைச்சுச்சு, ஆனா விஷம் ஜாஸ்தி, அதோட உறவுக்காரனா மெட்ஃபார்மின 1922ல செஞ்சாங்க, மனுசங்களுக்கு குடுத்துப் பாத்து பிரான்ஸ்ல எழுதுனது 1957ல. செடியிலருந்து மாத்திரைக்கு வர நடுவுல அவ்வளவு வருசம் கெடக்கு, நீங்க அத ஒரே ஞாயித்துக்கிழமையில தாண்டிட்டீங்க.

இனிமே இந்த மாதிரி செய்தி போட்டா தட்டுல பாத்ததா, எலியில பாத்ததா, மனுசங்கள்ட்ட பாத்ததான்னு தலைப்புக்கு கீழ ஒரு வரி போடுங்க. எடம் மிச்சம் இருந்தா இதையும் போடுங்க: வோக்லிபோஸோட இன்சுலினோ வேற சுகர் மாத்திரையோ சேத்து எடுக்கவங்களுக்கு சுகர் இறங்கி படபடன்னு வந்தா நம்ம ஊர் வழக்கப்படி கருப்பட்டியோ சீனியோ குடுத்தா சட்டுன்னு ஏறாது, ஏன்னா அத உடைக்கிற என்சைமத்தான் மாத்திர கட்டி வச்சிருக்கு, குளுக்கோஸ் பவுடர்தான் குடுக்கணும். பெரியம்மா வீட்டுல இப்ப ஃப்ரிட்ஜ் மேல ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கேன். மாத்திரையும் மறுபடி போடுறாவ, பூவையும் விடல, டாக்டர்ட்ட சொல்லிட்டுதான் குடிக்காவ.

இப்படிக்கு,
ஒரு வாசகன், பாளையங்கோட்டை

பி.கு: கட்டுரைக்கு நடுவுல பெருசா போட்டிருந்த படம் ஆவாரம்பூ இல்ல ஐயா. சரஞ்சரமா தொங்குனா அது சரக்கொன்றை. ஆவாரம் இடுப்பளவு புதரா நிக்கும், நாங்குநேரி பக்கம் ரோட்டோரம் பாத்தா தெரியும். கொன்றைப் பழத்துச் சதைய நம்ம பக்கம் பேதிக்குத்தான் குடுப்பாவ, படத்த பாத்து யாரும் மாத்தி பறிச்சிரக் கூடாது.